உப்புக்கறை

பாதி திறந்திருந்த ஜன்னலின் கண்ணாடியில் ஏரி வெளிச்சம் பால்போலப் படர்ந்திருந்தது. சூசைராஜ் வெளியே நின்று, வினிகரில் நனைத்த துணியால் வெள்ளைத் திட்டுகளை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த பிலோமினா விரலை நீட்டினாள். “அந்த மூலையில இன்னும் உப்புக்கறை இருக்குது பாருங்க, பெரியவரே.”

“போர் தண்ணிக் கறைம்மா. ஊறுனாதான் போவும்.”

“நல்லா போவணும். எங்க வீட்டுக்காரர் போட் வர்றத இது வழியாத்தான் பாப்பேன்.”

“அவரு கோவக்காரராம்மா?”

“சேச்சே. எறா வித்த கையோட எனக்குப் பூ வாங்கினு வருவாரு. ஆனா கையில குடுக்க வெக்கப்பட்டு, தலமாட்டுல வெச்சிட்டுப் போயிடுவாரு.”

சூசைராஜ் தலையைக் குனிந்துகொண்டு தேய்த்தார். கண்ணாடி தெளியத் தெளிய, தூரத்துப் பூநாரைகள் அதில் மிதந்தன. அவற்றைப் பார்த்தபடியே அவள் தூங்கிப்போனாள்.

பின்கட்டிலிருந்து ஜெனிஃபர் வந்தாள். “சாப்பிட வா, நைனா. இப்பவாவது உள்ள வந்து அம்மா பக்கத்துல உக்காரு.”

“வேணாம்மா. முழிச்சிப் பாத்தா, யாரோ வேத்து ஆம்பள ரூமுக்குள்ள வந்துட்டான்னு நேத்து மாதிரி அழுவா.”

“அதுக்காகத் தினமும் வெளியவே நிப்பியா?”

“இங்க நின்னாதான் எங்கிட்ட பேசுறா.”

போர் குழாயில் ஒரு குவளை தண்ணீர் பிடித்து வந்தார். பளிச்சென்றிருந்த கண்ணாடிமேல் அதைத் தெளித்து, துடைக்காமல் வெயிலில் காயவிட்டார்.