நான் கண்டது

"கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்கம்மா. எனக்கு அடுத்த வகுப்பு இருக்கு."

அறிவியல் டீச்சர் ஒரு தாளை மேசைமேல் தள்ளினார். மன்னிப்புக் கடிதம். டீச்சரே எழுதி வைத்திருந்தார்.

'செய்முறை நோட்டில் உண்மைக்குப் பதிலாகக் கற்பனை இடம்பெற்றது என் தவறு. இனி இப்படி நடக்காது. மன்னிக்கவும். இப்படிக்கு...'

அதற்குக் கீழே காலி இடம்.

நாளைக் காலை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நின்று மகள் இதைப் படிக்க வேண்டுமாம். படிக்காவிட்டால் செய்முறைக்குச் சைபராம்.

தையல்காரி பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"அப்படி என்னதான் எழுதிட்டா டீச்சர்?"

"நீங்களே கேளுங்க. மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோல். 'நான் கண்டது'ன்னு தலைப்புக் கொடுத்தேன். உங்க பொண்ணு எதைக் கண்டிருக்கா தெரியுமா?" டீச்சர் நோட்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். "'கறுப்பாக இருந்தது. நல்ல கனம். நடுவில் ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் சிவப்பாகத் தூள் உதிர்ந்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.' வெங்காயத் தோல் சில்லுனு இருந்துச்சாம்! படம் வேற."

பக்கத்து மேசை டீச்சர் எட்டிப் பார்த்தார். "இது வெங்காயமா, குட்டிப் பூதமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தையல்காரிக்கு முகமெல்லாம் தீப்பிடித்தது. பக்கத்தில் நின்ற மகளை முறைத்தாள். இவள் எப்போதும் இப்படித்தான். தையல் மெஷின் குறட்டை விடுகிறது என்பாள். பட்டன் டப்பாவுக்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது என்பாள். வீட்டில் சிரித்துவிட்டுப் போகலாம். பரீட்சையிலுமா?

"ஏண்டி, வீட்டுல விடற கதை போதாதா? இங்கேயும் வந்து என் மானத்தை வாங்கணுமா?"

"பார்த்ததைத்தாம்மா எழுதினேன்."

"இன்னும் வாய் பேசறியா!" நறுக்கென்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். மகள் அழவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள்.

"குட்டினா புத்தி வராதும்மா," என்றார் டீச்சர். "அறிவியல்னா தகவல். உள்ளது உள்ளபடி. கற்பனைக்கு இங்கே இடமே கிடையாது. மத்த பிள்ளைங்க எப்படி எழுதியிருக்காங்க, பாருங்க."

ஒரு கட்டு நோட்டை எடுத்துப் போட்டார். தையல்காரி ஒன்றைப் பிரித்தாள். 'செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் தெரிந்தன. எனக்கு வியப்பாக இருந்தது.' அடுத்தது. 'செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் தெரிந்தன. எனக்கு வியப்பாக இருந்தது.' மூன்றாவதும் அதே செங்கல், அதே வியப்பு.

அவளுக்குப் பெரிய படிப்பு இல்லை. ஆனால் ஒரே அளவில் வெட்டிய துணி எது என்று கண் சொல்லிவிடும். மூன்றாவது நோட்டின் மேல்மூலையை உற்றுப் பார்த்தாள்.

"டீச்சர், இந்தப் பிள்ளை போட்டிருக்கற தேதி போன வருஷத்து தேதியா இருக்கே?"

டீச்சர் வெடுக்கென்று நோட்டைப் பிடுங்கினார். "ஏதோ கை தவறியிருக்கும். நீங்க முதல்ல கையெழுத்தைப் போடுங்க."

தையல்காரி கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "போடறேன் டீச்சர். அதுக்கு முன்னாடி அந்த மைக்ராஸ்கோப்பில் நானும் ஒரு தடவை பார்த்துடறேன். கண்ணால பார்த்துட்டா இவளை வெளுத்து வாங்க எனக்கும் வசதியா இருக்கும்."

"இப்பவா? அது வந்து... சாவி..."

"என்ன சாவி?"

"வாம்மா, நான் காட்டறேன்," என்று மகள் மேசையிலிருந்த தன் நோட்டை எடுத்துக்கொண்டு அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

நடையின் கடைசியில் ஆய்வுக்கூடம். "ஏம்மா, நில்லுங்கம்மா!" என்று டீச்சர் பின்னாலேயே ஓடிவந்தார்.

மூலையில் ஓர் இரும்பு அலமாரி. 'மைக்ராஸ்கோப்' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"இதுக்கு முன்னாடிதாம்மா எங்களை வரிசையா நிக்க வெச்சாங்க. 'உள்ளே இருக்கு, சாவி தொலைஞ்சுபோச்சு, பெரிய கிளாஸ் பிள்ளைங்க நோட்டைப் பார்த்து எழுதிக்குங்க'ன்னாங்க. ஆனா தலைப்பு 'நான் கண்டது'ன்னு இருந்துச்சேம்மா..."

அலமாரிக் கதவில் ஒரு பூட்டு தொங்கியது.

கறுப்பாக இருந்தது. நல்ல கனம். நடுவில் ஒரு ஓட்டை. தையல்காரி தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. விரலில் சிவப்பாகத் துரு ஒட்டிக்கொண்டது.

கழுத்திலிருந்த நாடாவை உருவிப் பூட்டை அளந்தாள். மகள் கையிலிருந்த நோட்டை வாங்கிப் படத்தை அளந்தாள்.

"அளவுகூடத் தப்பலையேடி, என் கண்ணு," என்றாள். கடவுளே, இந்தத் தலையிலா குட்டினேன்! குட்டிய இடத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"சாவி தொலைஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு டீச்சர்?"

"மூணு... நாலு இருக்கும். மேலே எழுதிப் போட்டிருக்கோம்."

"நாலு வருஷமா எல்லாப் பிள்ளைங்களும் செங்கல் பார்த்திருக்காங்க. வியந்தும் போயிருக்காங்க. அத்தனை பேருக்கும் முழு மார்க்!"

டீச்சர் சுவரைப் பார்த்தார்.

தையல்காரி மன்னிப்புக் கடிதத்தை இன்னொரு முறை படித்தாள். பிறகு அதை நான்காக மடிக்காமல், கிழிக்காமல், பத்திரமாக டீச்சர் கையிலேயே வைத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க டீச்சர். ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம். கீழே உங்க பேரைப் போட்டு, காலையில நீங்களே படிச்சிடுங்க."