நாற்பத்தொரு சதவீதம்

“இதுல எது நிஜம்னு நீங்களே சொல்லுங்க.”

மகள் இரண்டு தாள்களையும் மெக்கானிக்கின் மேஜைமேல் வைத்தாள்.

ஒன்று, பதினோரு மாதத்துக்கு முன்னால் அவர் கையெழுத்துப் போட்டு அவள் வீட்டுக்குக் கொடுத்தது. மின்சாரக் காரின் பேட்டரித் தெம்பு நாற்பத்தொரு சதவீதம் என்றது. இன்னொன்று, அன்று காலை அவளே வேறொரு சர்வீஸ் சென்டரில் சோதித்து வாங்கியது. எண்பத்து நான்கு என்றது.

மெக்கானிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டாவது தாளை மட்டும் நிதானமாகப் படித்தார்.

“பதினோரு வருஷத்து வண்டிக்கு எண்பத்து நாலு. உங்கம்மா குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டாங்க.”

“நான் கேட்டது அது இல்ல.”

லீவில் வந்த அன்றே அப்பா அவளிடம் சொல்லியிருந்தார். “ஏரிக்குப் போய் ஒரு வருஷம் ஆச்சும்மா. நாற்பது கிலோமீட்டருக்கு மேல போனா நடுவழியில நின்னுடுமாம். மெக்கானிக் என்கிட்டயே சொன்னார்.”

அப்பாவுக்குச் சிறுவயதிலிருந்தே பார்வை மந்தம். அந்த வீட்டில் வண்டி ஓட்டியது எப்போதும் அம்மாதான். அவளுக்குப் பத்து வயதில் அந்தக் கார் வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு விடுமுறைக்கும் ஏரிதான். இருநூறு கிலோமீட்டர். பாதி வழியில் ஒரு சார்ஜிங் ஸ்டேஷனில் நாற்பது நிமிஷம் நிற்பார்கள்.

அம்மா சீட்டைச் சாய்த்துக் குட்டித் தூக்கம் போடுவாள். அப்பா பக்கத்து வண்டிக்காரர்களின் பேச்சைக் காதில் வாங்கி, குரலை வைத்தே ஆளுக்கொரு கதை கட்டுவார். “இந்த மனுஷன் மாமியார் வீட்டுக்குப் போறார். அதான் சார்ஜ் மெதுவா ஏறட்டும்னு பார்க்கிறார்.” அவள் பின்சீட்டில் புரண்டு புரண்டு சிரிப்பாள். சார்ஜ் சீக்கிரம் ஏறிவிடக் கூடாதே என்று இருக்கும்.

ஆனால் எண்பது தொட்டதும் அம்மா டாணென்று விழித்துவிடுவாள். “போதும், பிளக்கை எடு. வயிறு முட்டத் தின்னாலும் கெடுதல், காயப் போட்டாலும் கெடுதல். நமக்கும் அப்படித்தான், பேட்டரிக்கும் அப்படித்தான்.” இருபதுக்குக் கீழே இறங்க விடமாட்டாள். வெயிலில் நிறுத்தமாட்டாள். உள்ளூரில் ஓடும்போது வேகமாக ஏற்றும் சார்ஜர் பக்கமே போகமாட்டாள். வீட்டில் மெதுவாகத்தான் ஏறவேண்டும்.

அப்படி வளர்த்த வண்டிக்கா நாற்பத்தொன்று? நேற்று அவள் ஓட்டிப் பார்த்தபோதே சந்தேகம் வந்துவிட்டது.

“புது பேட்டரியை எங்க தலையில கட்டப் பார்த்தீங்களா?”

“இல்லம்மா. மாத்தச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொல்லலையே.”

“அப்போ புது வண்டி?”

“அதுவும் இல்ல.”

“வேற எதுக்குப் பொய் எழுதினீங்க? எங்கப்பாவுக்கு வெளியுலகம்னா அந்த ஒரு ஏரிதான். ஒரு வருஷமா ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்திருக்கார்.”

மெக்கானிக் எண்ணெய்க் கறை படிந்த துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

“எழுதினது நான்தான். தப்புதான்.”

“புகார் கொடுக்கப்போறேன்.”

“உங்க இடத்துல இருந்தா நானும் கொடுப்பேன். அதுக்கு முன்னாடி இந்தத் தாளை அம்மாகிட்ட காட்டிடுங்க. வண்டி அவங்க பேர்லதான இருக்கு.”

இத்தனை பேச்சுக்கும் மனிதருக்குக் கோபம் வரவில்லை என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டில் அப்பா கூடத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள்.

“இத்தனை வருஷமா நம்பின ஆள், நம்மை நல்லா ஏமாத்தியிருக்கார். பாரும்மா.”

அம்மா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எண்பத்து நான்கைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது.

“அவரைத் திட்டிட்டியா?”

“திட்டாம கொஞ்சச் சொல்றியா? புகாரும் எழுதியாச்சு. அனுப்புறதுதான் பாக்கி.”

“அவர் என்ன சொன்னார்?”

“தப்புதான்னார். வேற வாயே திறக்கலை.”

அம்மா அடுப்பை அணைத்தாள். கூடத்தில் ரேடியோ ஓடுகிறதா என்று ஒருமுறை காது கொடுத்துக் கேட்டாள். பிறகு குரலை இறக்கினாள்.

“புகாரைக் கிழிச்சுடு. அந்த மனுஷன் முடியவே முடியாதுன்னுதான் சொன்னார். நான்தான் மூணு தடவை போய் நின்னு எழுதி வாங்கினேன்.”

“நீயா? ஏம்மா?”

“அரை மணி நேரம் ஸ்டியரிங் பிடிச்சா விரலெல்லாம் மரத்துப்போகுது. போன தடவை ஏரியிலேருந்து திரும்பும்போது ரெண்டு இடத்துல கை பிடியே கொடுக்கலை. அப்பா பக்கத்துல பாடிக்கிட்டு வந்தார், அவருக்குத் தெரியாது. இங்க கடைத்தெருவரைக்கும்னா ஒண்ணும் பண்ணலை. தூரம்தான் முடியலை.”

“அதை அப்பாகிட்டயே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா, என்னை ஏத்திக்கிட்டு அலைஞ்சுதான் இவ கை போச்சுன்னு உள்ளுக்குள்ளயே வச்சுப் புழுங்குவார்.”

மகள் அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா தாளை நாலாக மடித்து அவள் கையில் திணித்தாள்.

“வண்டிக்கு வயசாயிடுச்சுன்னா ரெண்டு நாள் புலம்பிட்டு விட்டுடுவார்டி. எனக்கு வயசாயிடுச்சுன்னு தெரிஞ்சா மனுஷன் தாங்கமாட்டார்.”