நான்கு நாள் பயணம்

"முதல் நாள் எங்கே போவீங்க?" அப்பா வில்மர் விசா அதிகாரியைப் போல முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டான்.

"கோட்டைக்கு! ரெண்டாம் நாள் தண்ணிச் சறுக்கு. மூணாம் நாள் ராட்டினம்." ஒன்பது வயது நயேலி மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"அப்பா ஏன் வரலை?"

"பேக்கரியை யாரு பார்த்துப்பாங்க? அப்பா வந்தா ராட்டினத்துலேயே வாந்தி எடுப்பாரு."

"அடிப்பாவி! அதை அங்கே சொல்லிடாதே."

வாழைக்காயைத் தட்டிப் பொரித்துக்கொண்டிருந்த அம்மா பிளாங்காவும் சிரித்தாள். விடிந்தால் அமெரிக்க விசாவுக்கு நேர்காணல். அதில் தேறினால்தான் ஃப்ளோரிடா.

"எப்போ திரும்புவீங்க?"

"ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை எனக்கு ஸ்கூல் இருக்கே!"

"தேறிட்டே, போ!"

நயேலி பெட்டி அடுக்க உள்ளே ஓடினாள். பிளாங்கா குரலைத் தாழ்த்தினாள்.

"திரும்பி வரப்போறதில்லைன்னு அவகிட்ட சொல்லிடலாம், வில்மர்."

"வேணாம். பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. நான் இங்கே இருந்தாதான் நீங்க திரும்புவீங்கன்னு விசா ஆபீஸ்ல நம்புவாங்க."

"உன்னைச் சுட்டுட்டாங்கன்னா?"

"மாமூல் கேட்டு வந்தவன் என்ன சொல்லிட்டுப் போனான்? அடுத்தது உன் பொண்ணுன்னுதானே? அவ போகட்டும்."

நயேலி மறுபடி ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை ஏர்போர்ட்டுக்குச் சீக்கிரம் வந்துடணும். உன்னைக் காணோம்னா அழுவேன்."

"உனக்கு முன்னாடியே வந்து நிப்பேன்டி, செல்லம்."

அவன் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. பிளாங்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.