திரும்பாத டப்பாக்கள்

என் மூணு டப்பாவையும் அமுக்கி வச்சுக்கிட்டு, என்னைக் கண்டால் தலையைக் குனிஞ்சு போறவளே, உன்னைத்தான் சொல்றேன். பேர் சொல்ல மாட்டேன். இந்தத் தோங்யோங் துறைமுகச் சந்தைக்கே தெரியும்.

தள்ளுவண்டியில் கிம்ச்சி ஊறுகாய் வித்து, மழையில் நனைஞ்சு, இந்தத் தொடுகறிக் கடையைப் பிடிச்சவள் நான். ஒரு முள்ளங்கியைக்கூடப் பேரம் பேசாமல் வாங்கினதில்லை. என் எவர்சில்வர் டப்பா எந்த வீட்டில் இருக்குன்னு எனக்குத் தெரியாதா?

பிள்ளைகள் ஒண்ணாம் வகுப்பில் இருந்தப்போ பள்ளிக்கூடச் சுற்றுலா. மலையடிவாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் கிம்பாப் சோற்றுச் சுருளைத் திறந்து வச்சிருக்க, உன் மகள் போமி மட்டும் கடை ரொட்டியைப் பைக்குள்ளேயே பிச்சுப் பிச்சுத் தின்னாளாம். என் மகள் கியொல் வந்து சொல்லி அழுதாள்.

நீ விடியறதுக்கு முன்னாடியே சிப்பி உடைக்கிற கொட்டகைக்குப் போயிடுவே. வீட்டில் சோறு சுருட்ட யார் இருக்கா? அதிலிருந்து ஒவ்வொரு சுற்றுலாவுக்கும் நானே ரெண்டு டப்பா கட்டினேன். முட்டை, கீரை, மஞ்சள் முள்ளங்கி, ஓரத்தில் பொரிச்ச மீன். கியொலுக்கு ஒண்ணு, போமிக்கு ஒண்ணு.

போமிக்குப் போன மூணு டப்பாவில் ஒண்ணுகூடத் திரும்பலை.

நம்ம ஊரில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்புறதில்லை. ரெண்டு கிழங்காவது போட்டுத்தான் கொடுப்பாங்க. நீ பாத்திரத்தையே கொடுக்கலை.

"என்னடி, உன் டப்பாவுக்குக் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?" என்று மீன்கடை பில்நியோ அக்கா தினமும் கிண்டல்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கலை. நீ ரப்பர் பூட்ஸோட சந்தைக்குள்ளே வந்தப்போ, பில்நியோ அக்காகிட்டே பேசுற மாதிரி, உன் காதில் விழட்டும்னு கத்தினேன்: "சிலருக்குத் திங்கத் தெரியுது அக்கா, திருப்பத் தெரியலை."

நீ எதுவும் வாங்காமலே திரும்பிப் போனே. அதுக்கப்புறம் சந்தைக்குள்ளே வராமல் துறைமுகத்தைச் சுத்திக்கிட்டு வீட்டுக்குப் போறியாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்?

நேத்து மறுபடி சுற்றுலா. உன்மேல் கோபம்னா பிள்ளை என்ன செய்யும்? வழக்கம்போல ரெண்டு டப்பா கட்டி அனுப்பினேன். சாயங்காலம் ஒண்ணு திறக்காமலே திரும்பி வந்தது. போமி சுற்றுலாவுக்கே வரலையாம்.

டப்பாவைத் தூக்கிக்கிட்டு நேரா உன் வீட்டுக்கு வந்தேன். நீ இல்லை. போமிதான் கதவைத் திறந்தாள்.

"ஏன் வரலை?"

"வயித்து வலின்னு அம்மா சொல்லச் சொன்னாங்க."

பழைய டப்பா எல்லாம் எங்கேன்னு கேட்டேன். உள்ளே போய், துணியில் முடிஞ்ச மூட்டையைக் கொண்டு வந்து வச்சாள். மூணு டப்பாவும் முகம் பார்க்கிற மாதிரி பளபளன்னு தேய்ச்சிருந்தது.

முதல் டப்பாவைத் திறந்தேன். அடியை மறைக்கக்கூடப் பத்தாத, காய வச்ச சிப்பி. ரெண்டாவதில் தோல் சுருங்கிப்போன ஆரஞ்சு ரெண்டு. மூணாவதில் ஒண்ணுமில்லை.

"நிறைஞ்சதும் கொடுக்கலாம்னு அம்மா சொன்னாங்க" என்றாள் போமி. "சிப்பி சீசன் முடிஞ்சா வேலை இருக்காது. அப்போ இதிலிருந்துதான் எடுத்து வேக வைப்பாங்க. மறுபடி முதலிலிருந்து சேர்ப்பாங்க."

"சரி, சுற்றுலாவுக்கு ஏன் அனுப்பலை?"

"இன்னொரு டப்பா வந்தா, அதையும் நிரப்பணுமே."

கையிலிருந்த டப்பாவை நீட்டினேன். பிள்ளை அதையே பார்த்தாள். எச்சிலை விழுங்கினாள். ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கிட்டாள்.

"வேண்டாம், கியொல் அம்மா."

மூட்டையை முடிஞ்சு உள்ளே எடுத்துக்கிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினாள். விறைச்சுப்போன சோற்றோட அந்த டப்பா இப்போ என் கடைப் பலகைமேல்தான் இருக்கு.

இதுக்கு நீதான் வந்து கணக்குத் தீர்க்கணும். துறைமுகத்தைச் சுத்தாதே. நேரா சந்தைக்குள்ளே வா. நான் கத்தின அதே இடத்தில், பில்நியோ அக்கா பார்க்க, மூணு டப்பாவையும் என் கையில் கொடு.

உள்ளே ஒண்ணும் இருக்கக் கூடாது. வெறும் டப்பாவாத்தான் வேணும்.