நடுக்கோட்டில் ஒரு சவரம்

"கடல் பயணப் புத்தகம்னா லண்டனே அடிச்சுக்கிட்டு வாங்குது. ஆனா இந்தச் சவரக் கதையை மட்டும் எடுத்துடுய்யா!" என்று கையெழுத்துப் பிரதியை மேசைமேல் போட்டார் அச்சகக்காரர் ஹோசியா.

சைலஸ் இறகுப் பேனாவைக் கீழே வைத்தான். "ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"பூமியோட நடுக்கோட்டைத் தாண்டும்போது புது மாலுமிக்குத் தார் பூசிச் சவரம் பண்ணி, கடல் தண்ணியில முக்கி எடுக்கிறது எல்லாக் கப்பல்லயும் உள்ள வழக்கம். 'அதுக்குப் பயந்து, எனக்குக் கிடைக்கிற ஒரு மாச ரம் சாராயத்தை லஞ்சமாக் கொடுத்துத் தப்பிச்சேன்'னு எழுதினா ஊர் சிரிக்காதா?"

"நடந்தது அதுதானேய்யா. 'உள்ளது உள்ளபடி'ன்னு முதல் பக்கத்துல போடச் சொன்னதே நீங்கதான்."

"புயல்ல பாய்மரத்து உச்சியில ஏறின ஆளு, சவரத்துக்கா நடுங்குவான்?"

சைலஸ் அடுப்படியைப் பார்த்தான். அங்கே மாவு பிசைந்துகொண்டிருந்த அவன் மனைவி கெசையாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சொல்லித் தொலையேன், சைலஸ்," என்றாள் அவள்.

"நான் தேம்ஸ் ஆத்துல படகு ஏறினாலே வாந்தி எடுக்கிறவன்யா," என்றான் அவன், பெருமை தாங்காமல். "எங்க வீட்டு மாலுமி அவதான். அவ சொல்லச் சொல்ல நான் எழுதினேன்."

ஹோசியா வாயைப் பிளந்தபடி திரும்பினார்.

கெசையா மாவுக் கையால் தன் வழுவழுப்பான கன்னத்தைத் தடவிக் காட்டினாள். "தாடி முளைக்காத பையன்னு சொல்லிச் சவரத்தைக்கூட சமாளிச்சிருப்பேன். தண்ணியில முக்கி எடுத்தா, நனைஞ்ச சட்டைக்கு என்னங்க பதில் சொல்றது?"