கடைசி ஆள்

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வரைந்திருந்த சுண்ணாம்பு அம்புக்குறியைச் சுந்தரராமன் தம் வலது காலணியால் தேய்த்து அழித்தார்.

அது குற்றமாக அவருக்குத் தோன்றவில்லை. அந்த நடையில் அவர்தாம் கடைசி ஆள். அவருக்குப் பின்னால் வர எவரும் இல்லாதபோது, அம்புக்குறி யாருக்கு?

பதினோர் ஆண்டுகள் அவர்தாம் முதல் ஆள். சிஞ்ச்வட் குடியிருப்பின் தமிழர்களைத் திரட்டி, மாதம் ஒரு ஞாயிறு, புணேயைச் சுற்றியுள்ள குன்றுகளில் எல்லாம் ஏற்றிக் காட்டியவர். சென்ற மழைக்காலத்தில் முழங்கால் வீங்கியது. அவரிடம் ஒரு சொல்லும் கேளாமல், முதல் இடத்தை லூர்துசாமிக்குக் கொடுத்துவிட்டு, சுந்தரராமன் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார்கள். எவரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வழி தவறுபவரை மூன்று முறை ஊதி நிறுத்த வேண்டும். அறுபத்து மூன்று வயதில், விசில்.

லூர்துசாமி ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வீங்காதவர். பாடத் தெரிந்தவர். மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்புப் பொடியை ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் அம்பு வரைந்து செல்பவர்.

இவை அனைத்தையும் சுந்தரராமன் பொறுத்திருப்பார். அந்த மஞ்சள் தொப்பியைத்தான் பொறுக்க முடியவில்லை.

அது அவருடைய மனைவி நீலாவின் தொப்பி. லட்சுமி ரோட்டில் அவரே வாங்கிக் கொடுத்தது. திராட்சைத் தோட்டங்களுக்குள் நுழைந்தது முதல், அது லூர்துசாமியின் தோளருகிலேயே சென்றுகொண்டிருந்தது. பந்தல்களுக்கு இடையில் மறையும். பறவைகளை விரட்டக் கட்டிய பளபளப்பு நாடாக்களுக்கு அப்பால் மீண்டும் தெரியும். தோட்டக்காரர் கொடுத்த கொத்திலிருந்து லூர்துசாமி ஒரு பழத்தைக் கிள்ளி நீட்டினார். தொப்பி பின்னால் சாய்ந்து சிரித்தது.

முப்பத்தோர் ஆண்டுகளில் தம் பேச்சுக்கு நீலா அப்படித் தலை சாய்த்துச் சிரித்தது எந்த நாளில் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

தொப்பியைக் கண்ணிலிருந்து தவறவிடக் கூடாதென்று, பாதையை விட்டு விலகினார். பந்தல்களின் அடியில் குனிந்து குனிந்து குறுக்கே நடந்தார். முட்டிப் பட்டை மாட்டாத முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் முறையிட்டது. அப்படி வெளியே வந்தபோதுதான் காலடியில் அந்த அம்பு, அவர் கற்பித்த வழிக்கு எதிராக, வலப்பக்கம் நீட்டிக்கொண்டு கிடந்தது.

இடப்பக்கம் அவருடைய பழைய வழி.

காலையில், ஏறத் தொடங்குமுன் தேநீர்க் கடையில், லூர்துசாமி அவரை மட்டும் தனியே அழைத்தார்.

“சார், உங்க வழி இப்ப இல்ல. ரோட்டுக்கு முரம்னு செம்மண் சரளையை அள்ளறேன்னு பாதி மலையை வெட்டிட்டாங்க. நடக்கறப்பவே திடீர்னு பள்ளம். எல்லார் முன்னாலயும் சொல்ல வேணாம்னுதான் உங்ககிட்ட சொல்றேன்.”

அந்த மரியாதைதான் அவரை மிகவும் சுட்டது. அவரும் எவரிடமும் சொல்லவில்லை.

அம்பை அழித்த நிறைவோடு, சுக்கான்கற்கள் சறுக்கும் ஏற்றத்தில் வலப்பக்கமாகவே ஏறினார்.

உச்சியில் கரும்பாறை மேல் எல்லாரும் அமர்ந்து டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். மஞ்சள் தொப்பி திரும்பியது.

தொப்பிக்குக் கீழே இருந்தது லூர்துசாமியின் மனைவி ஆரோக்கியமேரியின் முகம்.

“அக்காதான் குடுத்தாங்க சார், எனக்கு வெயில் ஆகாதுன்னு” என்றார்.

லூர்துசாமி சுந்தரராமனின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“அக்கா எங்க சார்? நீங்க முட்டிப் பட்டையை பஸ்ஸுலயே விட்டுட்டீங்கன்னு கையில வச்சிருந்தாங்களே. சார் வரட்டும், கூடவே மெதுவா நடந்து வரேன்னு பாதையோரமா உக்காந்துட்டாங்க.”

“அதான் அம்பு போட்டிருக்கீங்கல்ல, வந்துருவாங்க” என்று மேரி டப்பாவை நீட்டினார்.

சுந்தரராமன் கீழே பார்த்தார்.

பாதை பிரியும் இடத்தில், வெயிலில், தொப்பியில்லாத ஒரு சிறிய உருவம் நின்றுகொண்டிருந்தது. குனிந்து தரையைத் தேடியது. நிமிர்ந்தது. பிறகு, சிறிதும் தயங்காமல், இடப்பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கியது.

“எதுக்கு அந்தப் பக்கம் போறாங்க?” என்று கேட்டபடியே லூர்துசாமி சரிவில் இறங்கி ஓடினார்.

ஏனென்று சுந்தரராமனுக்கு மட்டுமே தெரியும்.

விடியற்காலைப் பேருந்தில் அவர் நீலாவிடம் மூன்று முறை சொல்லியிருந்தார்: “அவன் போடற அம்பை நம்பாதே. இடது பக்கம்தான் வழி. பதினோரு வருஷமா நான் நடந்த வழி.” அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் வாங்கவில்லை என்றே அவர் நினைத்தார்.

வாங்கியிருக்கிறாள்.

விசிலை வாயில் வைத்தார். முதல் முறை வெறுங்காற்றுதான் வந்தது. பிறகு ஊதினார். ஒன்று, இரண்டு, மூன்று.

செம்மண் வெட்டுக்குப் பத்து அடி முன்னால் அந்த உருவம் நின்றது. அண்ணாந்து பார்த்தது. அவரை அடையாளம் கண்டுகொண்டு, கையிலிருந்த முட்டிப் பட்டையை உயர்த்தி ஆட்டியது.

அவர் கையசைக்கவில்லை. நுனியில் வெள்ளை படிந்த வலது காலணியை இடது காலணிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.