அண்ணன் சேர்த்த கம்ப்யூட்டர்

"அதை உள்ளே கொண்டு வராதீங்க," என்று அண்ணன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

கடையிலிருந்து வந்த மெக்கானிக் பெரிய அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி தங்கையைப் பார்த்தார்.

"வழி விடுண்ணா. அவருக்குக் கை வலிக்கும்."

"ரெடிமேட் வாங்க இது என்ன சட்டையா? எட்டு மாசம் முன்னால ஒவ்வொரு பார்ட்டா தேடிப் பிடிச்சு நான் சேர்த்துக் கொடுத்த மிஷினுக்கு என்ன கேடு?"

"கேம் ஆடும்போது திக்குதுண்ணா."

"மிஷின் திக்கல. உன் கை திக்குது."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம சேர்த்தான். விரலைக் கிழிச்சுக்கிட்டான். நன்றின்னு ஒண்ணு வேணும்டி."

இணையத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டுக் குழு ஒன்றில் தங்கை இருந்தாள். எதிராளி சுட்டு முடித்த பிறகுதான் அவள் திரையில் அவன் தலை தெரியும். குழுவில் அவளுக்கு ஆமை என்று பெயர். வருகிற ஞாயிறு ஒரே ஒரு ஆட்டம் பார்ப்பதாகவும், அதிலும் இப்படியென்றால் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்றும் தலைவி சொல்லியிருந்தாள்.

அண்ணன் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க சொல்லுங்க. இதுல என்ன பவர் சப்ளை போட்டிருக்கீங்க?"

"நான் மாட்டிட்டுப் போறவன் சார். பவர் சப்ளை எதுன்னு கடைக்குத்தான் தெரியும்."

"கேட்டுக்கோ. மாட்டுறவருக்கே தெரியல. வெளியில கலர் கலரா லைட்டு, உள்ளே மட்டச் சரக்கு. என் மிஷின்ல ஒரு குறை சொல்லு பார்ப்போம். பின்பக்கம் வேற யாரையாவது கை வைக்க விட்டிருக்கேனா? மாசாமாசம் டார்ச் அடிச்சு ஒவ்வொரு வயரா தூசி தட்டுறது யாரு?"

"நீதான்."

"அதை நானே எடுத்துக்கறேன். அருமை தெரிஞ்சவன்கிட்ட இருக்கட்டும்."

மேஜையை ஒழிக்கத் தன் அறைக்குப் போனான்.

மெக்கானிக் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, பழைய கம்ப்யூட்டரின் வயர்களைக் கழற்ற மேஜைக்கு அடியில் புகுந்தார். செல்போன் வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் பார்த்தவர் தங்கையைக் கூப்பிட்டார்.

"மேடம், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. யார் மாட்டினது இது?"

"ஏன்?"

"மானிட்டர் கேபிள் மேல் துளையில இருக்கு. அது மதர்போர்டோடது. இதோ கீழே இருக்கு பாருங்க, கிராபிக்ஸ் கார்டோட துளை. கேமுக்கு வேகம் கொடுக்கிறதே இந்தக் கார்டுதான், இதுலதான் குத்தணும். இதுல கம்பெனி மூடியே இன்னும் கழட்டல. அவ்வளவு நல்ல கார்டை வாங்கி, எட்டு மாசமா தூங்க வச்சிருக்கீங்க."

தங்கை குனிந்து அந்த மூடியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மாத்திக் குத்தட்டுமா? ரெண்டு நொடி வேலை. இது நான் கொண்டு வந்ததை விட நல்ல மிஷின் மேடம். புதுசைப் பிரிக்காமலே திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்."

பக்கத்து அறையில் அண்ணன் மேஜையை இழுக்கும் சத்தம் கேட்டது. வேலை போன பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன். இந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்து முடித்த அன்றுதான் முகச்சவரம் செய்துகொண்டு, மாடிவீட்டுக்காரரைக் கூட்டி வந்து காட்டினான்.

"வேண்டாம்," என்றாள். "அவன் வர்றதுக்குள்ள கேபிளைக் கழட்டிச் சுருட்டிடுங்க. நீங்க ஒண்ணும் பார்க்கல."

"உங்களைத்தானே மேடம் அந்தத் திட்டு திட்டுறாரு?"

"திட்டட்டும். எனக்குப் பழக்கம். சொன்னா அவன் தாங்கமாட்டான்."

மெக்கானிக் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கேபிளை உருவிச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார்.

அண்ணன் கைகளைத் தட்டிக்கொண்டே வந்தான். "ஆச்சா? ஆமைக்கு ஏத்த ஓடு வந்தாச்சு."

"உன் மிஷின் நல்ல மிஷின்தாண்ணா. என் கைதான் சரியில்ல."

"இப்பவாவது ஒத்துக்கிட்டாளே," என்றாள் அம்மா, கரண்டியோடு எட்டிப் பார்த்து.

"அதை முதல்லயே சொல்லியிருந்தா எனக்குத் தொண்டை வறண்டிருக்காது," என்று அண்ணன் சிரித்தான். அவன் சிரித்து நாளாகியிருந்தது. பழைய கம்ப்யூட்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டான்.

தங்கை மானிட்டரையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். மறுபடி மேல் துளையில்தான் குத்துவான், அவன் குளிக்கப் போகும்போது கீழ்த் துளைக்கு மாற்றி வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

அண்ணன் கம்ப்யூட்டரைச் சுவரோரம் நகர்த்தினான்.

"கேபிளைக் கொடு. போய் உன் ரெடிமேட் கண்ணைத் திறக்குதான்னு பாரு."

கொடுத்துவிட்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

அவன் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விரலால் தடவிக்கொண்டே மேல் துளையைத் தாண்டிப் போய், கீழ்த் துளையின் மூடியை நகத்தால் நெம்பித் தரையில் போட்டுவிட்டு, கேபிளை அதில் குத்தினான்.